குசும்பா பூக்கும்போது வெயில் வேண்டும்

இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பயிர் குசும்பா. செந்துருக்கம் என்றும் இதற்குப் பெயருண்டு. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த எண்ணெய்வித்துப் பயிர் இது. இலை விளிம்பிலும் பூவைச் சுற்றிலும் முள் இருக்கும். பெயரில் குசும்பு இருந்தாலும், மானாவாரியில் இது நாணயமான பயிர்தான். ஆணிவேர் ஆழமாக இறங்கி, கரிசலின் அடி ஈரத்தை எடுத்துக்கொள்ளும். உரத்தையும் மருந்தையும் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பயிருக்கு வெளிச்சம் கிடைக்கச் செய்வது எப்படி என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள நண்பர்கள், வாழைத் தோட்டத்தில் ஊடுபயிராகக் குசும்பா போடலாமா என்று கேட்பதுண்டு. போட வேண்டாம். வாழை நிழலில் செடி நெடுநெடுவென உயரும், கிளை விடாது. தண்ணீர் தேங்கினால் வேரும் அழுகும். நஞ்சையில் பிசானம் நிற்கும் காலமும் குசும்பாவின் காலமும் ஒன்றே. ஆகவே ஆற்றுப் பாசனத்தை விட்டு வடக்கே கயத்தாறு, கோவில்பட்டி, குருவிகுளம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் காடுகளே இதற்கு ஏற்றவை. 1986க்கு முன் இவையெல்லாம் திருநெல்வேலி மாவட்டமாகவே இருந்தன.

குசும்பாவின் வளர்ச்சியில் இரண்டு கட்டங்களைக் கவனிக்க வேண்டும். முளைத்தபின் ஏறக்குறைய ஒரு மாதம் செடி உயராது. இலைகள் தரையோடு படிந்து வட்டமாகக் கிடக்கும். ‘பயிர் தேங்கிவிட்டது’ என்று கவலைப்பட வேண்டாம். அப்போது வேர்தான் வளர்கிறது. பிறகு தண்டு எழுந்து, கிளைத்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பூந்தலை வைக்கும். பூந்தலைகள் எத்தனையோ, அதைப் பொறுத்ததே மகசூல்.

முதல் கட்டத்தில் மேகமூட்டம் இருந்தாலும் பயிர் தாங்கும். பூக்கும் கட்டத்தில் தாங்காது. பூத்திருக்கும்போது நாள்கணக்கில் மழையும் மூட்டமுமாக இருந்தால் இலைப்புள்ளி நோய் பரவும்; அசுவினியும் பெருகும்; மகரந்தம் நனைந்து பதர் விழும். வடகிழக்குப் பருவமழையை நாம் நிறுத்த முடியாது. விதைக்கும் நாளை மாற்ற முடியும்.

ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தால், அடைமழைக் காலம் செடி தரையில் படிந்திருக்கும் காலமாகக் கழிந்துவிடும். மார்கழிக் கடைசியிலும் தையிலும் வானம் வெளுக்கும்போது பூ வரும், மாசியில் அறுவடை. புரட்டாசித் தொடக்கத்திலேயே அவசரப்பட்டு விதைத்தால் பூ மழையில் மாட்டும். கார்த்திகை பிந்தி விதைத்தால் வெயிலுக்குக் குறைவிராது, ஆனால் மண்ணில் ஈரம் இராது. வெயிலும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் இடைவெளி குறுகியது. அதைத் தவறவிட்டால் மானாவாரிக்காரருக்கு அடுத்த ஐப்பசி வரை வேறு வழியில்லை.

செவ்வந்திக்கு இரவில் விளக்குப் போட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்களே, இதற்கும் அப்படி வேண்டுமா என்று ஐயம் எழலாம். வேண்டாம். நம் பகுதியில் மார்கழியின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 37 நிமிடம். ஆனியின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 38 நிமிடம். வேறுபாடு ஒரு மணி நேரந்தான். கலிபோர்னியாவில் கோடையின் நீண்ட பகலில் பூக்கும் குசும்பா, நம் நாட்டில் குளிர்காலத்தின் குறுகிய பகலிலும் பூக்கத்தான் செய்கிறது. பகலின் நீளத்தைவிட, அந்தப் பகலில் செடிமேல் நிழல் விழாமல் இருப்பதே நமக்கு முக்கியம்.

இனி நிழலைப் பற்றி. மார்கழி, தை மாதங்களில் உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மார்கழித் தொடக்கத்தில் 10 மீட்டர் உயரப் பனையின் உச்சிப்பொழுது நிழல் வடக்கே 6 மீட்டருக்குச் சற்று மேல் விழும். ஆகவே தெற்கு வரப்பில் பனை வரிசை இருந்தால், அதன் வடபுறத்தில் அந்த அகலத்துக்குக் குசும்பாவை விட்டுவிட்டுத் தீவனச் சோளம் விதையுங்கள், தட்டையாவது மிஞ்சும். இதற்காகப் பனையை வெட்ட வேண்டாம். வரப்பில் சீமைக் கருவேல் இருந்தால் அதைத் தயங்காமல் தூரோடு எடுத்துவிடலாம்.

மரத்தின் நிழலைவிட, செடிக்குச் செடி போட்டுக்கொள்ளும் நிழல்தான் அதிகக் கேடு செய்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. இருக்கட்டும். விதைத்த 15ஆம் நாளுக்கு மேல் 20ஆம் நாளுக்குள் அடர்ந்த இடத்தில் களைத்துவிடுங்கள். முளைத்த செடியைப் பிடுங்க மனம் வராதுதான். ஆனால் நெருங்கி நின்ற மூன்று செடிகள் ஆளுக்கொரு பூ வைப்பதைவிட, விலகி நின்ற ஒரு செடி கிளைத்துப் பல பூ வைப்பது மேல். தரையோடு படிந்த பருவத்தில் களை தலைதூக்கினால் பயிர் அதன் கீழ் அமுங்கிவிடும். ஆகவே 25 நாளுக்குள் முதல் களையை முடித்துவிட வேண்டும். 45 நாளில் இன்னொன்று.

துணைப்பயிர் வேண்டுமானால் குட்டையானதாகப் பாருங்கள். மூன்று வரிசை கொத்தமல்லி அல்லது கொண்டைக்கடலைக்கு ஒரு வரிசை குசும்பா பொருந்தும். சோளத்தோடு சேர்த்தால் நிழலில் தோற்றுப்போகும். வரிசை எந்தத் திசையில் என்பதைச் சூரியனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; சரிவுக்குக் குறுக்கே அமைத்து ஈரத்தைக் காப்பதே நல்லது.

விதைக்குமுன் எண்ணெய்ச் செக்குக்காரர் ஒருவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சந்தையிலும் இதற்கு ஆள் கிடைப்பதில்லை. அறுவடையைப் பொறுத்தவரை, இலை பழுத்து, பூந்தலையைச் சுற்றியுள்ள செதில்கள் பழுப்பானதும், பனி ஈரம் காயுமுன் அதிகாலையில் அறுங்கள். அப்போது முள் இளகியிருக்கும், விதையும் சிந்தாது. வெயில் ஏறிவிட்டால் ஆட்கள் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.