ஏர் ஃபிரையரில் குட்டி பான்கேக்



ஏர் ஃபிரையரை 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம். அதே நெதர்லாந்தில் பொஃபெர்ட்யெஸ் என்ற குட்டி பான்கேக் பிரபலம். ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவைக் குழிக்கல்லில் ஊற்றிச் சுடுவார்கள். மேலே வெண்ணெய், பொடித்த சர்க்கரை. கல்லைப் பார்த்தால் நம் பணியாரக்கல்லேதான்!

ஏர் ஃபிரையரில் கல் கிடையாது, சூடான காற்றுதான். மாவை நேராகக் கூடைக்குள் ஊற்றினால் துளை வழியே ஒழுகிவிடும். அதனால் சின்னச் சின்ன சிலிகான் கிண்ணங்கள் வேண்டும். மைதா, பேக்கிங் பவுடர், முட்டை, பால், கொஞ்சம் சர்க்கரை. இட்லி மாவுப் பதம் போதும். நீர்க்க இருந்தால் விசிறிக் காற்றில் மேல்பக்கம் அலையலையாகிவிடும். ரொம்பவும் கலக்காதீர்கள், மைதாவின் குளூட்டன் இறுகி, பான்கேக் சவ்வு போலாகும்.

கிண்ணத்தில் பாதிக்குச் சற்று மேல் மாவு. 170 டிகிரியில் ஏழெட்டு நிமிடம். அடிப்பக்கம் வெளுத்தே இருக்கும், பயப்பட வேண்டாம்; கிண்ணத்திலிருந்து எடுத்துக் கவிழ்த்து இன்னும் ஒரு நிமிடம் வையுங்கள். முறுகல் ஓரம் மட்டும் வராது. அதற்குத் தோசைக்கல்தான், என்னைக் கேட்டால்.

பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு என்றால், தேனைத் தனிச் சம்புடத்தில் கொடுத்துவிடுங்கள். முன்பே ஊற்றினால் ஊறிப்போகும்.