புத்தாண்டில் கலைஞனின் கணக்கு
(கல்விச் சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஓவியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டு பிறந்ததும் புதுக்கணக்கு எழுதுவது வணிகர் வழக்கம். கலைஞனும் ஒரு கணக்கு எழுத வேண்டியவனே. என்ன படைத்தோம், இனி என்ன படைப்போம், யாருக்காகப் படைப்போம் என்று அவன் ஆண்டுதோறும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பெரியோர் பலர் பறையோசை கேட்டால் மனம் வருந்துவர். அதற்குத் தக்க காரணம் உண்டு. ஊரில் இழவு விழுந்தால் அடித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அக்கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அக்கட்டாயத்தை முறிக்கவே அவர்கள் பறையைக் கீழே வைத்தனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அது போற்றத்தக்க துணிவு. ஆனால், அடிமைத்தளை அறுந்தபின் கலையையும் நாம் இழந்து நிற்க வேண்டுமா?

இக்கேள்விக்கு விடை கூறியவருள் ஒருவர் நம் வட்டாரத்தவரே. ஆவடியை அடுத்த கர்லபாக்கத்தில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்று, திரைப்பட இயக்குநராக உயர்ந்தவர் திரு. பா. இரஞ்சித். அவருடைய நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடரே அப்பெயருக்கு மூலம். கானாவும் பறையும் அங்கே ஒருவர் ஏவலுக்காக ஒலிக்கவில்லை. கலைஞர்கள் தாமே விரும்பி ஒலித்தனர். சபாக்களில் கச்சேரிகள் நிறையும் மார்கழியிலேயே 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' விழாவும் எழுந்தது.

இதனை மனத்திற்கொண்டு, இவ்வாண்டில் நான் செய்ய எண்ணியுள்ள மூன்று பணிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, நம் உழைப்பாளரைத் தீட்டுதல். மெரினாவில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நான் கூறிய அக்கல்லூரிக்குத் தலைமை வகித்தவர். பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரும் ஆடவர். விடியற்காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு விரையும் நம் பெண்களை யார் தீட்டுவது? மாதத்திற்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஓவியங்கள் வரைய உறுதி பூண்டுள்ளேன்.

இரண்டாவது, மூதாட்டியர் பாடும் ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு ஆகியவற்றைப் பாடியவர் பெயருடனும் ஊருடனும் எழுதி வைத்தல். பெயரின்றிப் போனால் நம் கலை பிறர் உடைமையாகிவிடும். இப்பணிக்கு இளைஞர்களாகிய உங்கள் துணை வேண்டும். உங்கள் வீட்டுப் பாட்டியிடமிருந்தே தொடங்குங்கள்.

மூன்றாவது, ஞாயிறுதோறும் இக்கூடத்தில் சிறுவர்க்கு ஓவியம் கற்பித்தல். தாளும் கரிக்கோலும் சங்கம் வழங்கினால் போதும். என் உழைப்பு இலவசம்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். வறுமையை அறிந்தவர் கேட்கும் நியாயமான கேள்வி அது. 1850இல் தொடங்கிய அக்கவின்கலைக் கல்லூரி, துணி வடிவமைப்பு, சுடுமண் கலை, காட்சித் தொடர்பியல் ஆகியவற்றையும் கற்பிக்கிறது. திரைத்துறை, அச்சுத்துறை, ஆடைத்தொழில் எல்லாவற்றிலும் அக்கல்விக்கு இடமுண்டு. எல்லாப் பிள்ளைகளையும் அங்கு அனுப்புங்கள் என்று நான் கூறவில்லை. கையில் கலையுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்றே வேண்டுகிறேன்.

பூவிருந்தவல்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலை அக்கல்லூரி வாயிலைக் கடந்தே செல்கிறது. நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் போகும் நம்முள், அடுத்த ஆண்டு ஒரு மாணவராவது அங்கே இறங்கி உள்ளே நுழைய வேண்டும். அதற்கான பயிற்சியை வரும் ஞாயிறன்றே தொடங்குவோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் கலை!