முன் பாரம், பின் பாரம்: கேரவனில் போகும் பெற்றோருக்கு

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை வந்தால் நம் பிளாக்குகளில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம். பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகள் சிலர், "இந்த முறை ஹோட்டல் வேண்டாம், கேரவனில் சுற்றலாம்" என்கிறார்கள். கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே அது வேறு. எஞ்சின் கிடையாது, காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. ஓட்டப்போவது பிள்ளைதான். ஆனால் சாமான் ஏற்றுவது நாம்தானே? அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

கிராமத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர்கள் இங்கே இரண்டு பேராவது இருப்பீர்கள். முன் பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின் பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். கேரவனும் அப்படித்தான். அதன் மூக்கு காரின் கொக்கியை ஓரளவு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. 1,300 கிலோ கேரவன் என்றால் 65 முதல் 91 கிலோ. காரின் கொக்கி 75 கிலோதான் தாங்கும் என்று போட்டிருந்தால், 75தான் வரம்பு.

பின் பாரம் ஏறினால் என்ன ஆகும்? நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்து போகும்போது, அல்லது பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது, கேரவன் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நெளிவு முற்றினால் காரையும் இழுத்துக் கவிழ்த்துவிடும். அப்போது ஓட்டுபவர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். சடக்கென்று பிரேக் போடக் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் நாம் "பிரேக் போடு, பிரேக் போடு" என்று கத்தாமல் இருப்பதே பெரிய உதவி.

ஆகவே அரிசி மூட்டை, கிரைண்டர், குக்கர் எல்லாம் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு இருக்கட்டும். கடைசி மூலையிலும் மேல் அலமாரியிலும் லேசான துணிமணி மட்டும். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கேரவனின் தகட்டில் உச்ச எடை எழுதியிருக்கும். அதில் காலி எடையைக் கழித்தால் மீதி பல வண்டிகளில் 150 கிலோவை ஒட்டித்தான் வரும். 40 லிட்டர் தண்ணீர்க் குடத்தை நிரப்பி ஏற்றினாலே 40 கிலோ போய்விட்டது! போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாமே. உச்ச எடையைத் தாண்டுவது அங்கே குற்றம். வழியில் நிறுத்தி எடை போட்டும் பார்ப்பார்கள்.

புதிதாக இழுப்பவருக்கு இன்னொரு அறிவுரை உண்டு. இது சட்டம் இல்லை, அனுபவஸ்தர்கள் சொல்வது. கேரவன் எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கார் 1,600 கிலோ என்றால் கேரவன் 1,360க்கு மேல் வேண்டாம்.

இனி சட்டம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2021 டிசம்பர் 16 முதல், சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். தனித் தேர்வு தேவையில்லை. (தேவையில்லை என்றாலும் ஒரு நாள் பயிற்சி எடுப்பது நல்லது என்பது என் கட்சி. ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியும்.) ஊருக்கு வெளியே ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல்தான். மூன்று அல்லது அதற்கு மேல் லேன் இருந்தால் வலது ஓர லேனில் போகக் கூடாது. கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் கூடுதல் கண்ணாடி மாட்ட வேண்டும். காரின் நம்பரே கேரவனிலும் இருக்க வேண்டும். முக்கியமாக, ஓடும் கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது. "முட்டி வலிக்கிறது, பின்னால் படுத்துக்கொள்கிறேன்" என்று கேட்காதீர்கள்.

பிரிட்டனிலிருந்து கடல் தாண்டி பிரான்ஸ், ஜெர்மனி என்று போனால் விதி மாறும். ஜெர்மனியில் தனி அனுமதி இல்லாவிட்டால் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். பிரான்ஸில் எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேல்சட்டையும் வண்டியில் கட்டாயம். முன்பு ஒட்டிய 'ஜிபி' ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது; 'யுகே' என்றிருக்க வேண்டும்.

அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். இதில் நமக்கு இரண்டு விஷயம் உண்டு. பிரிட்டிஷ் கேரவன்களில் பெரும்பாலும் கதவு இடப்பக்கம். வலது ஓரத்தில் நிறுத்தினால் கதவு போக்குவரத்துப் பக்கம் திறக்கும். அதனால் ரோட்டோரம் நிறுத்தி டீ போட உள்ளே ஏறாதீர்கள். ஓய்விடம் வரும்வரை பொறுங்கள். இன்னொன்று, முந்தும்போது எதிரே வரும் வண்டி வலது சீட்டில் இருக்கும் பிள்ளையைவிட இடது சீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்த சீட்டில் தூங்காதவர் உட்காரட்டும். கப்பலில் ஏற்றுமுன் கேஸ் சிலிண்டரை மூடியாயிற்றா என்று கேட்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.