கண்டதைச் சொல்லல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து மூவர் விமானப் பணிப்பெண்களாகப் போனோம். மூவரும் வளைகுடா நாட்டு விமானங்களிலேயே வேலை செய்தோம். இன்று மேடையில் ஒருவர் வாசித்தாலும் இது மூவரும் சேர்ந்து எழுதிய உரை. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

உயர்தர வகுப்புத் தங்கைமார் எங்களைக் காணும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பயணி ஒருவரிலே சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? விமானத்தை உடனே இறக்குவீர்களா?" சங்கச் செயலாளரும் அதைப் பற்றியே பேசும்படி கேட்டுக்கொண்டார்.

இதற்கு விடை சொல்ல நாங்கள் முதலில் எமது இரசாயன ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். செய்முறைக் கொப்பியில் 'அவதானம்' என்று ஒரு நிரல், 'அனுமானம்' என்று இன்னொரு நிரல் இருக்கும். ஒருநாள் எங்களில் ஒருத்தி அவதான நிரலிலேயே 'குளோரைட்டு உண்டு' என்று எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, "நீர் குளோரைட்டைக் கண்டனீரோ? வெள்ளை வீழ்படிவைத்தானே கண்டனீர். கண்டதை முதலில் எழுதும். நினைத்ததைப் பிறகு எழுதலாம்" என்றார். அன்று ஒரு புள்ளி குறைந்தது. அந்தப் பாடத்தின் முழுப் பெறுமதி எங்களுக்கு விளங்கியது ஆகாயத்திலேதான்.

2001 செப்டெம்பர் 11க்குப் பின்னர் பெரிய பயணிகள் விமானங்களில் விமானி அறைக் கதவுகள் உடைக்க முடியாதவாறு பலப்படுத்தப்பட்டன. பயணத்தின்போது அவை பூட்டியே இருக்கும். பின்னால் குழப்பம் என்றால் கப்டன் எழுந்து வந்து பார்க்க முடியாது. பணிப்பெண் உள்ளகத் தொலைபேசியில் சொல்வதே அவருக்குக் கண்ணும் காதும். அதைக் கேட்டு அவர் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவுக்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 1963இல் தோக்கியோவில் கைச்சாத்தான உடன்படிக்கை, விமானத்தின் பாதுகாப்புக்குக் கேடு செய்யக்கூடியவரைக் கட்டுப்படுத்தவும் இறக்கிவிடவும் கப்டனுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அதிலே ஒரு நிபந்தனை இருக்கிறது. அவ்வாறு நம்புவதற்கு 'நியாயமான காரணங்கள்' இருக்க வேண்டும். அந்தக் காரணங்களைக் கப்டனின் கையில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களே.

சரியாகச் செய்தவர்களின் கதையை முதலில் சொல்கிறோம். 2001 டிசம்பர் 22ஆம் திகதி பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ஹெர்மிஸ் முட்டார்டியே என்ற பணிப்பெண்ணுக்குத் தீக்குச்சி மணம் வந்தது. அவர் மணம் வந்த இடத்தைத் தேடிப் போனார். ஒருவர் தீக்குச்சி உரசுவதைக் கண்டு, கூடாது என்று சொன்னார். சொன்னதோடு விட்டுவிடாமல் மீண்டும் வந்து பார்த்தார். அந்த மனிதர் குனிந்திருந்தார். மடியில் சப்பாத்து, அதிலே திரி, கையில் தீக்குச்சி. தடுக்கப் போனவரை அவர் தள்ளிவிட்டார். உதவிக்கு ஓடிவந்த கிறிஸ்ரினா ஜோன்ஸ் என்ற பணிப்பெண்ணின் கையைக் கடித்தார். பயணிகள் சேர்ந்து அவரை மடக்கிக் கட்டினார்கள். விமானம் பொஸ்டனில் இறங்கியது. சப்பாத்துக்குள் உண்மையான வெடிபொருள் இருந்தது. மணம், தீக்குச்சி, திரி என்று கண்டவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றைத் தேடிப் போய்ப் பார்த்தபடியால்தான் அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள்.

அடுத்தது 2010 ஜனவரி. நியூயோர்க்கிலிருந்து லூயிவில் என்ற நகருக்குப் போன சிறிய விமானம். 17 வயது யூதப் பையன் ஒருவன் தங்கையோடு பயணம் செய்தான். காலை வணக்கத்துக்காக, தங்கள் சமய முறைப்படி, வேதவாசகம் அடங்கிய சிறு கறுப்புப் பெட்டிகளைத் தோல்வாரினால் நெற்றியிலும் கையிலும் கட்டினான். 'தெஃபிலின்' என்பது அதன் பெயர். விமானப் பணியாளர்கள் அப்படியொன்றை முன்னர் கண்டதில்லை. பையன் விளக்கம் சொல்லியும் விமானம் பிலடெல்பியாவுக்குத் திருப்பப்பட்டது. பொலிஸார் வந்து விசாரித்தபோது அது வணக்கத்துக்குரிய பொருள் என்பது தெரிந்தது.

அந்தப் பணியாளர்களை நாங்கள் ஏளனம் செய்ய மாட்டோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2009 நத்தார் தினத்தில், டிட்ரொயிட் நகரை நெருங்கிய விமானத்தில் ஒருவர் உள்ளாடையில் மறைத்த வெடிபொருளை வெடிக்க வைக்க முயன்றிருந்தார். எல்லோருக்கும் பயம் இருந்த நேரம். ஆனாலும் விபூதி பூசி, பூணூலோடு, உதடசைத்து மந்திரம் சொல்பவர்களையும், செபமாலை உருட்டுபவர்களையும், தஸ்பீஹ் மணியோடு ஓதுபவர்களையும் ஒரே பஸ்ஸில் கண்டு வளர்ந்த நாங்கள், இதை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததாக வைத்துப் பார்க்கிறோம். தெரியாத ஒன்று ஆபத்தானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்ட கேள்விக்கு ஒருவர் அமைதியாகப் பதில் சொன்னால் அந்தப் பதிலும் ஓர் அவதானமே.

மூன்றாவது, நீதிமன்றம் வரை போன சம்பவம். 2003இல் வன்கூவரிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் போன விமானத்தின் முதல் வகுப்பில் எகிப்திய வர்த்தகர் குழு ஒன்று இருந்தது. பணிப்பெண்ணுக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம் ஏற்பட்டது. என்ன நடந்தது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. முதல் வகுப்பு தன் கட்டுப்பாட்டை மீறிவிட்டது என்று பணிப்பெண் கப்டனுக்குச் சொன்னார். கப்டன் விமானத்தை ரீனோ நகரில் இறக்கினார். பயணிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கப்டனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அவர் நியாயமாக நடந்தால் மட்டுமே கிடைக்கும் என்றும், இங்கே அவர் நியாயமாக நடந்தாரா என்பதை ஜூரிகள் தீர்மானிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

'கட்டுப்பாட்டை மீறிவிட்டது' என்பது அனுமான நிரலுக்குரிய வசனம் என்பதைக் கவனியுங்கள். எத்தனை பேர் எழுந்து நின்றார்கள்? யார் யாரைத் தொட்டார்கள்? என்ன வார்த்தை பேசப்பட்டது? கப்டனுக்குத் தேவையானவை இவைதான்.

அப்படியானால் ஒருபோதும் திருப்பக் கூடாதா? அப்படியும் இல்லை. 2017 மே 31ஆம் திகதி மெல்பேர்ணிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட விமானத்தில் எங்கள் நாட்டு இளைஞர் ஒருவர் கையில் ஒரு கருவியோடு எழுந்து, தன்னிடம் குண்டு இருப்பதாகச் சொல்லி, விமானி அறைப் பக்கம் போனார். விமானம் திரும்பியது. பயணிகள் அவரைப் பிடித்துக் கட்டினார்கள். அது வெறும் ஒலிபெருக்கிக் கருவி என்பதும், அவர் அன்றுதான் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர் என்பதும் பின்னர் தெரிந்தன. ஆனாலும் திரும்பியது சரியான முடிவே. அவர் சொன்னதும் செய்ததும் எல்லோரும் கண்டவை. பின்னர் தெரியவந்ததைக் கொண்டு ஒரு முடிவை அளக்கக் கூடாது. அந்த நிமிடத்தில் என்ன காணப்பட்டது, அதை அறிய எவ்வளவு முயன்றோம் என்பவற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

இனி எங்கள் கதை. இதை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை.

2001 யூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்ட பின்னரான மாதங்கள். எங்களில் இருவர் கொழும்புக்கு வரும் விமானத்தில் கடமையில் இருந்தோம். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞர் கைப்பையை மடியைவிட்டு இறக்க மறுத்தார். வியர்த்துக் கொட்டியது. இருப்பதும் எழும்புவதுமாக இருந்தார். பக்கத்து ஆசனக்காரர் எங்களைக் கூப்பிட்டு, "இந்த ஆளிலே எனக்கு நம்பிக்கையில்லை" என்றார். பயணிகள் பட்டியலைப் பார்த்தோம். தமிழ்ப் பெயர்.

நாங்கள் அவரிடம் போய், "தம்பி, என்ன பிரச்சினை?" என்று எங்கள் மொழியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறோம். தமிழில் கதைத்தால் எங்களையும் அவரோடு சேர்த்துப் பார்ப்பார்களோ என்ற பயம். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்று, பெயரைக் கேட்டவுடன் மாறும் முகங்களைக் கண்டு பழகிய நாங்கள், அன்று அந்த முகத்தையே அவருக்குக் காட்டினோம். "அவருடைய போக்குச் சரியில்லை" என்று மேலதிகாரிக்குச் சொன்னோம். அவர் அதை அப்படியே கப்டனிடம் சொன்னார். இளைஞர் இறக்கப்பட்டார். இறங்கும்போது எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பையில் உடுப்பும் ஒரு தந்தியும்தான் இருந்தன என்று தரைப் பணியாளர் மறுநாள் சொன்னார். தாயார் காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அடுத்த விமானம் மறுநாள்தான். அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க முகவரியும் இல்லை.

அதன் பின்னர் நாங்கள் மூவரும் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். யாராவது ஒருவரைப் பற்றி முறைப்பாடு வந்தால், முதலில் முறைப்பாட்டுக்காரரிடம் "நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று கேட்போம். பிறகு மற்றவரிடம் ஒரு கோப்பை தண்ணீரோடு போவோம். தண்ணீர் கொடுக்கும் சாட்டில் கையையும் பையையும் முகத்தையும் பார்க்கலாம், இரண்டு வார்த்தை கதைக்கலாம். கப்டனுக்குச் சொல்லும்போது கண்டதை ஒரு வசனத்திலும் நினைத்ததை வேறொரு வசனத்திலும் சொல்வோம். உண்மையான ஆபத்து என்றால் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செல்லாது. அந்த ஒரு நிமிடத்தையும் தராத ஆபத்து என்றால் அது தன்னைத்தானே காட்டிவிடும்.

தங்கைமாரே, உங்களில் சிலர் ஆகாயத்திலும், சிலர் வைத்தியசாலையிலும், சிலர் வகுப்பறையிலும், சிலர் அலுவலக மேசையிலும் இருக்கப் போகிறீர்கள். உங்கள் ஒரு வசனத்தை நம்பி இன்னொருவர் முடிவெடுக்கும் நாள் எல்லோருக்கும் வரும். அன்று எந்த நிரலில் எழுதுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இரசாயன டீச்சர் இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார். டீச்சர், அன்று நீங்கள் வெட்டிய ஒரு புள்ளிக்கு நன்றி சொல்லவே இவ்வளவும் எழுதினோம்.