நுளம்பும் வைரசும் நாமும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் டெங்கைப் பற்றியா பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். மாரி தொடங்கினால் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுத்தானே. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள்.

டெங்கு வைரசு, தான் குடியிருக்கும் நுளம்பைக் கொல்வதில்லை. நோயாளியின் இரத்தத்தோடு உள்ளே போய், குடலில் பெருகி, 8 முதல் 12 நாட்களில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துவிடும். பிறகு அந்த நுளம்பு சாகும்வரை நோயைப் பரப்பும். ஆனால் அது சில நூறு மீற்றருக்கு அப்பால் பறப்பது அரிது. கொழும்பிலிருந்து இங்கே வைரசைக் கொண்டுவருவது பஸ்ஸில் வரும் நாம்தான்.

இன்னொரு உறவும் உண்டு. பல பூச்சிகளின் கலங்களுக்குள் வொல்பாக்கியா என்ற பற்றீரியா வாழ்கிறது. அதை ஏடிஸ் நுளம்புக்குள் புகுத்தினால் டெங்கு வைரசு பெருக இடம் கொடாது. முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகும். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் இந்த நுளம்புகளை விட்ட பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைந்தது. நுகேகொடையிலும் பொரளையிலும் விட்டுப் பார்த்தார்கள். "நுளம்பை விரட்ட நுளம்பையே வளர்க்கிறார்களா?" என்று உம்மா சிரித்தார்.

அது நம்மூருக்கு வரும்வரை புகையை நம்பியிருக்க முடியாது. புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். முட்டையோ தயிர்ச்சட்டி, சிரட்டை, தாங்கி இவற்றின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, உரஞ்சிக் கழுவ வேண்டும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஏடிஸ் பகலில் கடிப்பது. பகலில் நம் பிள்ளைகள் இருப்பது இந்த வகுப்பறைகளில். நூற்றாண்டு நிதியில் வாயில் வளைவு கட்டும் யோசனை இருக்கிறது. கட்டுவோம், என் பங்கும் உண்டு. ஆனால் ஒக்டோபர் மழைக்கு முன்னர் அடைபட்ட கூரைப் பீலிகளைத் திருத்தி, தண்ணீர்த் தாங்கிகளுக்கு மூடி போட்டுவிடுவோம். வளைவுக்கு அடுத்த வருடம் பணம் சேர்ப்போம்.