பாட்டனார் சுவடும் பட்டாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசிய இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராக அலுவல் புரியும் எம்மையும் பேசப் பணித்தது சங்கத்தாரின் பெருந்தன்மையே. யாம் இலக்கியம் பேச வரவில்லை. கணக்குப் பேச வந்தோம். நம் முன்னோர் எவ்வூரினின்று, எக்காலத்தில், எக்காரணத்தால் புறப்பட்டு இம்மைசூர் மண்ணை அடைந்தனர் என்பதை நிலக்கணக்காலும் வரிக்கணக்காலும் அறியும் வழியே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் பிள்ளைகளிடம் "உன் ஊர் எது?" என்று கேட்டால், "மைசூர்" என்கின்றனர். அதில் பிழையொன்றுமில்லை. "உன் பாட்டனார் ஊர் எது?" என்று கேட்டால், "சேலம் பக்கம்", "ஆர்க்காட்டுப் பக்கம்" என்று மறுமொழி வருகிறது. அந்தப் 'பக்கம்' என்னும் சொல்தான் நமக்குக் கவலை தருவது. முந்தைய தலைமுறையில் அஃது ஓர் ஊரின் பெயராக இருந்தது. இன்று மாவட்டத்தின் பெயராகத் தேய்ந்துவிட்டது. அடுத்த தலைமுறையில் அதுவும் மறைந்துபோகும். நம் பெரியவர்கள் பலர் பெயருக்கு முன் இரண்டு எழுத்துகள் இட்டனர். முதலெழுத்து ஊரையும் அடுத்த எழுத்துத் தந்தையையும் குறித்தன. ஊரெழுத்தை நாம் சுமையென்று கருதி விட்டுவிட்டோம்.

இரயில்வேச் சரக்குச் சீட்டு ஒவ்வொன்றும் நான்கு செய்திகளைக் கூறும். எங்கிருந்து புறப்பட்டது, எங்கே சேரவேண்டும், யார் பெயரில் உள்ளது, எவ்வளவு கட்டணம் செலுத்தப்பட்டது என்பனவே அவை. பொட்டிக்கும் மூட்டைக்கும் இத்துணைத் தெளிவான சீட்டு இருக்க, மனிதருக்கு இல்லையே என்று எண்ண வேண்டா. இருக்கிறது, அதன் பெயர் பத்திரம்.

இவ்வாராய்ச்சியில் அமெரிக்க நாட்டினர் மிகுந்த முயற்சியுடையவர்கள். அங்கே 1790இல் முதற்குடிக்கணக்கு எடுத்தபோது குடும்பத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினர். 1850ஆம் ஆண்டுக் கணக்கில்தான் வீட்டிலுள்ளோர் பெயர்களைத் தனித்தனியே எழுதத் தொடங்கினர். அதற்கு முற்பட்ட மூதாதையரை அறிய விரும்புவோர் நிலப்பத்திரங்களையும் வரிப்பட்டியல்களையும் நாடுகின்றனர். வர்ஜீனியா மாநிலத்தில் 1782 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட வரிப்பட்டியல்கள் உள்ளன. ஒருவர் பெயர் ஒரு வட்டாரத்தில் ஆண்டுதோறும் காணப்பட்டுத் திடீரென மறையுமாயின், அவர் இறந்திருக்கலாம். அன்றி வேறிடம் பெயர்ந்திருக்கலாம். அவர் நிலத்தை விற்ற பத்திரம் கிடைத்து, புதிய வட்டாரத்துப் பட்டியலிலும் அவர் பெயர் தோன்றுமாயின், அவர் சென்ற வழி புலனாகிறது. இந்த முறையையே நாமும் கையாளலாம்.

நமக்குரிய சான்றுகள் யாவை? முதலாவது, வீட்டுப் பெட்டி. பழைய கிஸ்தி ரசீது, பாகப்பிரிவினைப் பத்திரம், அடமானச் சீட்டு, திருமண அழைப்பிதழ் ஆகிய ஒன்றையும் எறிந்துவிடலாகாது. கிராமத்தின் பெயரும் வட்டத்தின் பெயரும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது, அவ்வூரின் பட்டாவும் சிட்டாவும் 'ஏ' பதிவேடும். இவற்றில் இன்றைய புல எண் தெரியும். அதனைக் கொண்டு பழைய புல எண்ணையும், அதனின்று நிலவரித் திட்டப் பதிவேட்டையும் தேடலாம். சென்னை இராச்சியத்தில் நில அளவைக்கும் வரித்திட்டத்திற்கும் 1858இல் தனித்துறை தோன்றியது. அதே ஆண்டில் அமைந்த இனாம் ஆணையம் எழுதிய பதிவேடுகள், மானிய நிலம் பெற்றிருந்த குடும்பங்களுக்குப் பெரும்புதையல். மானியம் முதலில் யாருக்கு அளிக்கப்பட்டது, அன்று அதனை அனுபவித்தவர் யார், அவர் வயது யாது, முன்னவருக்கு என்ன உறவு என்பன அவற்றில் உள்ளன. இத்தகைய பழம்பதிவுகள் பல சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

இக்கணக்குகளில் ஆண்டு, பசலி என்னும் முறையில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரையிலான காலம். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் கூறிய கொடும்பஞ்சம் நிலவிய காலம் அதுவே. அக்காலத்தில் ஒரு பட்டா கைமாறியிருக்குமாயின், அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் பசியும் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் தம்பி இருவர். நான்கு ஏக்கர் புன்செய். தம்பி தம் பங்கை அண்ணனுக்கே விற்றார் என்று வைத்துக்கொள்வோம். பட்டாவில் ஒரு பெயர் நீங்கிற்று என்பதே தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்துக் கிரயப் பத்திரத்தின் நகலைப் பெற்றாலோ, "மைசூரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று அதில் எழுதியிருக்கக் காணலாம். ஒரே தாளில் இரண்டு ஊர்களும் இரண்டு தலைமுறைகளும் அமைந்துவிட்டன. இனி இங்கே நகராட்சியின் வீட்டுக் கந்தாயப் பதிவேட்டில் அவர் பெயர் எவ்வாண்டில் தோன்றுகிறது என்று பார்த்தால் பயணம் முழுமை பெறும். நகரில் புதிய குடியிருப்புகளை வகுத்த நகர அபிவிருத்தி அறக்குழு 1903இல் நிறுவப்பட்டது. மனை பெற்றவர்க்கு அதன் ஆவணங்களும் சான்றாகும்.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சில குடும்பங்களில் மனிதர் நகரவில்லை; எல்லைதான் நகர்ந்தது. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை இராச்சியத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பில் மைசூர் இராச்சியத்தோடு சேர்ந்து, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. அவ்வட்டத்திலிருந்து வந்தோர் பழங்கணக்கைக் கோயமுத்தூர் மாவட்டத்துப் பதிவுகளில் தேடவேண்டும். தருமபுரியும் 1965 வரை சேலம் மாவட்டமே. எந்த ஆண்டில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று அறியாது தேடுவோர்க்கு அலைச்சலே மிஞ்சும்.

இனி, எச்சரிக்கைகள் சில. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். ஆகவே ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் மீண்டும் வரும். தந்தை பெயரையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இருவரை ஒருவராகக் கொண்டுவிடுவோம். இறந்தவர் பெயரிலேயே பட்டா பல்லாண்டு கிடப்பதும் உண்டு. பட்டாவில் பெயர் இருப்பதனாலேயே அவர் அவ்வாண்டு உயிரோடு அவ்வூரில் இருந்தார் என்று துணியலாகாது. பெண்களின் பெயர் வரிக்கணக்கில் அரிதாகவே வரும். மகளுக்கு மஞ்சள்காணி எழுதிவைத்த பத்திரங்களில் நம் பாட்டிமாரைத் தேடவேண்டும்.

"எங்கள் குடும்பம் சோழர் படையோடு இங்கு வந்தது" என்று பெருமை பேசுவாரும் உளர். சோழர் இங்கு வந்ததற்குச் சான்று கல்லிலேயே உண்டு. நம் மாவட்டத்துத் தலைக்காடு, சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. கோலாரிலுள்ள கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. இத்தகைய கல்வெட்டுகள் பெரும்பாலும் நிலக்கொடையும் வரிநீக்கமும் கூறுவனவே. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகையிலிருந்து இதே மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிடும் வரை, தமிழ்நாட்டின் பழங்கணக்குகள் பல நம் ஊரிலேயே காக்கப்பட்டு வந்தன என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? ஆயினும், தமிழர் இங்கு வாழ்ந்தனர் என்பதற்கே கல்வெட்டுச் சான்றாகும். அவர் நம் பாட்டனார் என்பதற்குச் சான்றாகாது. இடையிலுள்ள எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளை ஆசையால் நிரப்புதல் தகாது. நூற்றைம்பது ஆண்டு உண்மையாய்க் கிடைத்தாலும் அதுவே நமக்குப் பெருஞ்செல்வம்.

அன்பர்களே! இதுகாறும் கூறியவை நிலமுடையோர்க்கு. நிலமில்லாதார் நிலை என்ன? உழுதவர் பெயர் பட்டாவில் இல்லை. உடையவர் பெயரே உண்டு. கோலார் தங்க வயலில் நிலத்தினடியில் உழைத்தோரும், பாதை போட மண் சுமந்தோரும், பிறர் வயலில் பண்ணையாளாய் இருந்தோரும் நம் முன்னோரே. அவர்களுள் கைத்தொழிலாளரும் கடைக்காரரும் மட்டும் மோதுர்பா என்னும் பழைய தொழில்வரிக் கணக்கில் ஓரளவு அகப்படுவர். ஏனையோர் அரசாங்கக் கணக்கில் பெயரற்றவராய்ப் போயினர். பட்டா இல்லாமை இழிவன்று. கணக்கு எழுதியவர் நிலத்தை எண்ணினாரேயன்றி மனிதரை எண்ணவில்லை என்பதே அதன் பொருள்.

ஆனால் மனிதரை எண்ணும் வரி ஒன்று நம்மிடம் உண்டு. அதுவே தலைக்கட்டு வரி. ஊர்க்கோயில் திருவிழாவிற்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குகின்றனரே, அந்த நோட்டில் நிலமுடையவர், நிலமில்லாதவர் என்ற வேறுபாடில்லை. மணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு என்பது பல ஊர்களின் வழக்கம். வெளியூர் சென்றவர்க்கும் அதில் இடமுண்டு. அவர் எங்கே சென்றார் என்பதும் பல நோட்டுகளில் குறிக்கப்பட்டிருக்கும். அரசாங்கக் கணக்கு நிலத்தைப் பின்தொடர்கிறது. கோயில் கணக்கு மனிதரைப் பின்தொடர்கிறது. ஊரை விட்டுப் பெயர்ந்த நமக்கு இரண்டாவதே உற்ற துணை.

அந்த நோட்டுகள் காப்பகத்தில் இல்லை. கோயில் தர்மகர்த்தா வீட்டுப் பரணில் உள்ளன. கறையானுக்கும் ஒழுகும் கூரைக்கும் அவை இரையாகி வருகின்றன. 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது. ஊர்க்கணக்கை மனப்பாடமாய் அறிந்திருந்த முதியோரும் ஒவ்வொருவராய் மறைந்துவருகின்றனர். இன்று எண்பது வயதான ஒரு பாட்டியார் கூறும் ஊர்ப்பெயரை நாளை எந்தக் காப்பகமும் நமக்குக் கூறாது.

ஆதலின் சங்கத்தாரை யாம் வேண்டுவது ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதித் தரட்டும். ஊர், வட்டம், குலதெய்வம், முதலில் மைசூருக்கு வந்தவர் பெயர், வந்த ஆண்டு, வந்த காரணம் ஆகிய ஆறு செய்திகள் போதும். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். அழகுக்காக எதனையும் எழுதற்க. அடுத்த முறை குலதெய்வத்திற்குச் செல்வோர் தலைக்கட்டு நோட்டின் பழைய ஏடுகளை ஊராரின் இசைவு பெற்றுக் கைப்பேசியிலேனும் படமெடுத்து வாருங்கள். பழைய நிலத்திற்கு உரிமை கொண்டாடவோ, குடிப்பெருமை பேசவோ அன்று இம்முயற்சி. கூலியாய் வந்தவர்க்கும் உத்தியோகத்தில் வந்தவர்க்கும் அத்தாள் ஒரே அளவினதாக இருக்கும்.

நம் பாட்டனார் அங்கே கிஸ்தி கட்டினார். நாம் இங்கே கந்தாயம் கட்டுகிறோம். இரண்டு ரசீதுகளையும் ஒரே பெட்டியில் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுப்போமாக.