புள்ளி நம் பக்கம் எழும்பட்டும்

பார்வையற்றவர்கள் கையோடு எடுத்துப் போகும் எழுதுகருவி ஒன்று உண்டு. பிரெயில் சிலேட்டு. கீல் வைத்த இரண்டு தகடு, கூடவே குட்டி எழுத்தாணி. நடுவே கெட்டித் தாளைச் செருகிக் கட்டம் கட்டமாகக் குத்த வேண்டும். கட்டத்துக்கு ஆறு புள்ளி வரை.

ஒரு சிரமம். குத்தினால் புள்ளி தாளின் மறுபக்கம் புடைக்கும். அதனால் வலமிருந்து இடமாக, எழுத்தையே திருப்பிப் போட்டு எழுத வேண்டும். மளிகைச் சாமான் எழுதுகிறோம். "உப்பு எழுதினோமா?" சந்தேகம் வந்தால், தாளை எடுத்துப் புரட்டித்தான் தடவ வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இது எவ்வளவு பாரம்!

1951-இல் வந்த பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நல்ல கனம், விலையும் அதிகம்.

சிலேட்டிலேயே எளிய மாற்று இருக்கிறது. அதன் அடித்தகட்டில் வழக்கமான குழிக்குப் பதில் மேடு. எழுத்தாணி முனையில் சிறு குழி. அழுத்தினால் புள்ளி நம் பக்கமே எழும்பும். ஆமாம், நம் பக்கமே. இடமிருந்து வலமாக எழுதலாம். எழுதிய கையோடு படிக்கலாம். மின்சாரமும் வேண்டாம்.

பிள்ளைக்கு முதல் சிலேட்டு வாங்கும்போது, இந்த வகை கிடைக்குமா என்று அவசியம் கேளுங்கள்.